பாதி விலைக்கு வந்த மெசின்

— மறுபடியும் அந்தப் போனையே நோண்டிட்டு உக்காந்திருக்கறே. மொதல்ல சோத்தப் போடு சௌந்தர்யா.

— சோறு எங்கயும் போவாதுங்க. இங்க வந்து, வெலை ஏறி எறங்கற இந்தக் கோட்டப் பாருங்க. நம்ம கிருத்திகா ஊட்டு வாஷிங் மெசினு. போன தீவாளியில இருந்து என்னென்ன வெலைக்கு வித்துச்சுன்னு அல்லாம் இதுல இருக்குது.

— எனக்கெதுக்கு அது? தம்பி பொண்டாட்டி வாங்குனா, அவ தொவைக்கறா.

— தீவாளி சேல்ல பாதி வெலைக்குப் புடிச்சேன்னு உங்க தம்பி பொண்டாட்டி ஊரு பூராச் சொல்லியாச்சு. உங்கம்மா வாரவங்க போறவங்ககிட்டயெல்லாம் சின்னவதான் கெட்டிக்காரிங்கறாங்க. எனக்கும் ஒண்ணு வாங்குங்கன்னா, ஆஃபர் முடிஞ்சு போச்சுன்னீங்க.

— முடிஞ்சுதான போச்சு.

— பொங்கலுக்கு சேல் போட்டான், பாத்தேன். ஆடிக்குப் போட்டான், பாத்தேன். இந்தக் களவாணிப்பய சேலுக்கு முந்துன வாரம் வெலைய ஏத்தறான். சேலன்னிக்குப் பழைய வெலைக்கே எறக்கிப்போட்டு, அறுவது பர்சன்ட் தள்ளுபடின்னு செவப்பெழுத்துல போடறான்.

— வேவாரம்னா அப்படித்தான்.

— அதுகூடப் போவுதுங்க. அவ சொன்ன வெலைக்கு இது ஒருநாளும் எறங்கல. போன தீவாளியன்னிக்கும் எறங்கல.

— அவளுக்குக் கூப்பன் கீப்பன் கெடச்சிருக்கும். உடு.

— எப்படிங்க உடறது? உங்க கிரீஸ் சட்டைய நான் குந்தி உக்காந்து கசக்கறேன். கை நோவறது பெருசில்லீங்க. அவ டீயக் குடிச்சிக்கிட்டே, கண்ணாடிக் கதவுல துணி சுத்தறத வேடிக்கை பாக்கறா பாருங்க, அதத்தான் தாங்க முடியல. எனக்கு வயிறெரியுது. ஆமா, நல்லாவே எரியுது.

— இப்ப என்னங்கற?

— நாளைக்குக் கோயில் நோம்பிக்கு அல்லாரும் வருவாங்கல்ல. உங்கம்மா முன்னால இந்தக் கோட்டக் காட்டோணும். கெட்டிக்காரி வேசத்தக் கலைக்கோணும். அதுக்கு மொத அவகிட்டயே ஒருக்கா கேட்டுப்போடறேன்.

— ஏய், போன வை. சொன்னாக் கேளு சாமி. நம்ம லாரிக்கு எஃப்.சி. எடுக்கற செலவு முடியட்டும், நானே வாங்கித் தாரேன். அவளக் கூப்படாத.

— ஏனுங்க, உங்களுக்கு எதுக்கு வேர்க்குது? அல்லோ, கிருத்திகா. ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன், உங்க மாமாவும் இங்கதான் இருக்காரு. அந்த மெசினு நெசமா என்ன வெலைக்கு வாங்குன?

— அக்கா, அது தீவாளி ஆஃபருங்க்கா. பாதி வெலை.

— ஒரு வருசத்து வெலையும் என்ற கையில இருக்குது கண்ணு. நாளைக்கு அத்தை முன்னாலயும் இதையேதான் சொல்லுவியா?

— அய்யோ, அங்க வேண்டாமுங்க்கா. முழு வெலைதான் குடுத்தோம்.

— அப்பறம் எதுக்குடி ஊரெல்லாம் பாதின்னு சொன்ன?

— மாமா சொல்லச் சொன்னாருங்க்கா. "பாதி வெலைன்னு சொல்லு சாமி, உங்கக்காளுக்கு வயிறும் பாதிதான் எரியும்"ன்னாரு.