டாக்டருக்குப் போகாத சீட்டு

தேவனிடம் எதையாவது கேட்கும்போது மனிதர்கள் நிறைய எழுத்துப்பிழை விடுகிறார்கள். ஒன்பது வருடமாக எங்கள் சபையின் ஜெபப் பெட்டியைத் திறக்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன். வீடு வேண்டும், விசா வேண்டும், மருமகளுக்கு நல்ல புத்தி வேண்டும் என்று எழுதுவார்கள். மாமியாருக்கு நல்ல புத்தி கேட்டு அதே வீட்டிலிருந்து இன்னொரு சீட்டும் வரும். நான் சிரிக்க மாட்டேன். இரண்டையும் அடுத்தடுத்து வைப்பேன்.

முறை எளிது. புதன் மதியம் பூட்டைத் திறந்து சீட்டுகளைப் பிரிப்பேன். பொதுவானவை ஜெபக்குழுவுக்குப் போகும். உடம்பு சரியில்லை என்று வருபவை சபையில் இருக்கிற டாக்டரம்மாவுக்கு. அவர் ஜெபிப்பதோடு விடமாட்டார். அன்று சாயங்காலமே போன் போட்டு, "நாளைக்கு வந்து காட்டிட்டுப் போங்க" என்பார். பெட்டிக்குச் சாவி ஒன்றுதான். என் வாயும் பூட்டுப் போட்ட வாய் என்பதால் போதகர் அதை என்னிடம் கொடுத்தார். பிழைப்புக்கு ஒரு பல் மருத்துவமனையின் முன்மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். யாரை உடனே உள்ளே அனுப்ப வேண்டும், யார் காத்திருக்கலாம் என்று பார்த்ததும் சொல்லிவிடுவேன். இதுவரை தவறியதில்லை.

எனக்கும் ஒரு விண்ணப்பம் இருந்தது. ஆராதனையில் பியானோ வாசிக்கிறவர் எனக்கு வேண்டும். அவருக்கு மனைவி இருந்தாள். அதனால் அவரைக் கொடும் என்று கேட்க வாய் வரவில்லை. "ஆண்டவரே, இந்த ஆசை உம்மிடமிருந்து வந்ததானால் ஒரு அடையாளம் காட்டும். இல்லாவிட்டால் என்னைவிட்டு எடுத்துப்போடும்" என்றுதான் கேட்டேன். நாற்பது நாள் தினம் ஒரு வேளை உபவாசம் இருந்து கேட்டேன். இதில் என்ன குற்றம் இருக்கிறது, சொல்லுங்கள்.

நாற்பத்தோராம் நாள் புதன்கிழமை. பெட்டியில் அவர் மனைவியின் சீட்டு இருந்தது. "மாடி ஏறினால் நெஞ்சு அடைக்கிறது, இடது கை மரத்துப்போகிறது. அம்மாவும் இப்படித்தான் போனாள். பயத்தில் வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. தேவன் ஒரு அடையாளம் தரட்டும். டாக்டரம்மா கூப்பிட்டால் போய்க் காட்டுகிறேன். கூப்பிடாவிட்டால் ஒன்றுமில்லை என்று எடுத்துக்கொள்கிறேன்." கீழே போன் நம்பர்.

நான் அதைக் கிழிக்கவில்லை. என் வேதாகமத்துக்குள் வைத்தேன், அவ்வளவுதான். மடித்த காகிதத்தைத் தேவனால் வாசிக்க முடியாதா? டாக்டரம்மா இல்லாவிட்டால் அவருக்குக் கை ஓடாதா? அவளுக்காக முழங்காலில் நின்று, உம்முடைய சித்தம் ஆகட்டும் என்று ஜெபித்தேன். வேறு யாருக்காகவும் நான் அவ்வளவு ஊன்றி ஜெபித்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை சபை வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, பெட்டியில போடுற சீட்டெல்லாம் டாக்டரம்மாகிட்ட கண்டிப்பாப் போயிடும்ல?"

"ஒண்ணு விடாமப் போயிடும்மா. ஏன் கேக்குறே?"

"சும்மாதான்க்கா."

அவள் முகம் தெளிந்துவிட்டது. முன்மேசையில் அந்த வெளுத்த முகம் வந்திருந்தால், வரிசையை நிறுத்திவிட்டு அவளைத்தான் முதலில் உள்ளே அனுப்பியிருப்பேன்.

அடுத்த புதன் இன்னொரு சீட்டு போட்டிருந்தாள். "டாக்டரம்மா கூப்பிடவில்லை. ஸ்தோத்திரம். பயம் போய்விட்டது." அதையும் உள்ளே வைத்தேன். வெள்ளிக்கிழமை துவைத்த துணிக்கூடையோடு மாடிப்படியில் விழுந்தாள். வயது முப்பத்தெட்டு.

அடக்கம் முடிந்து அவருக்குச் சாப்பாடு எடுத்துப்போனேன். "யார்கிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதார். "யாருக்கும் பாரமா இருக்க வேணாம்னு நெனச்சிருப்பா, பாவம்" என்றேன்.  அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

ஒரு வருடமாக என் வேதாகமத்தைத் திறக்க முடியவில்லை. போதகர் வசனம் சொன்னதும் எல்லாரும் பக்கம் புரட்டுகிற சத்தம் கேட்கும். நான் மூடிய புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, வாசிக்கிறவள் மாதிரித் தலை குனிந்திருப்பேன். அவர் பியானோவிலிருந்து என்னைப் பார்த்துப் புன்னகைப்பார்.

போன ஞாயிறு அவருக்கும் எனக்குமான திருமண அறிவிப்பை முதல்முறை வாசித்தார்கள். தடை ஏதும் அறிந்தவர்கள் சொல்லலாம் என்றார் போதகர். மற்றவர்களைப் போல நானும் திரும்பிப் பார்த்தேன். யாரும் எழுந்திருக்கவில்லை. அவளைக் கொன்றது நான்தான். சுற்றி வளைக்காமல் இங்கே எழுதிவிட்டேன். நெஞ்சு கொஞ்சம் இலேசாகத்தான் இருக்கிறது.

அறிவிப்பை இன்னும் இரண்டு ஞாயிறு வாசிக்கவேண்டும். இந்தத் தாளை, அவளுடைய இரண்டு சீட்டுகளையும் உள்ளே வைத்து மடித்து, ஜெபப் பெட்டியில் போடப்போகிறேன். எல்லாருக்கும் தெரியவேண்டும் என்பது தேவ சித்தமானால், புதன்கிழமை வேறு யாராவது பெட்டியைத் திறக்கட்டும். யாரும் திறக்காவிட்டால், என்னை மன்னித்துவிட்டார் என்று எடுத்துக்கொள்வேன். சாவி வழக்கம்போல என் கைப்பையில்தான் இருக்கிறது.