பஸ்ஸுக்குள் ஹெல்மெட்

நானுஓயா பஸ்ஸில் என் முன்சீட்டில் இருந்த சிறுமி ஹெல்மெட்டைக் கழற்றவே இல்லை.

"பஸ்ஸுக்குள்ள எதுக்குடி இது?" என்றாள் அவளுடைய அத்தை.

"டிரைவர் வளைவுல திருப்புறதப் பாருங்க அத்த. இன்னைக்காச்சும் பி.எம்.எக்ஸ். சைக்கிள்ல மேட்டுல இருந்து தாவ விடுவீங்களா?"

"மொதல்ல பிரேக் புடிச்சு, நான் தரையில போடுற கோட்டுல நில்லு. நேத்து கோட்டத் தாண்டித் தேயிலைக்குள்ள பூந்துட்ட."

"கொழுந்தெடுக்கப் போனேன்."

"ஹெல்மெட் போட்டுக் கொழுந்தெடுத்தவ நீ ஒருத்திதான். இன்னைக்கு மூணு தடவ கோட்டுல நில்லு, சின்ன மேட்டுல விடுறேன்."

சிறுமி தாடைப் பட்டியை இறுக்கிக்கொண்டாள்.

என் மகனும் சைக்கிள் பழகும்போது ஹெல்மெட் கேட்டான். "பொம்பளப் புள்ளயாடா நீ?" என்று கேலி செய்து, அவனைச் சைக்கிளோடு சரிவில் தள்ளிவிட்டேன். அவனுடைய நெற்றித் தழும்பை இன்றுவரை என்னால் நேராகப் பார்க்க முடிந்ததில்லை.