கண் மட்டத்தில் ஒரு கோடு

இருட்டில் வண்டி ஓட்டுகிறவனுக்கு வெளிச்சம் வேண்டும் இன்ஸ்பெக்டர் அய்யா. இதில் உங்களுக்கும் எனக்கும் சண்டை வராது என்று நினைக்கிறேன்.

"உன் வண்டிக்கு எதுக்குய்யா இத்தனை லைட்டு?" என்று நேற்று கேட்டீர்கள். போகிற போக்கில் கேட்ட கேள்விதான். அதற்குள் என் சகலை பாலத்திலிருந்து கால்வாயில் விழுந்து செத்ததை விபத்து என்று எழுதி முடித்துவிட்டீர்கள். நானும் தலையாட்டிவிட்டு வந்திருக்கலாம். ஆனால் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லி நிறுத்திக்கொள்ளத் தெரியாத ஆள் நான். என் மனைவியைக் கேட்டால் அவளே சொல்வாள்.

நான் சிமெண்ட் கிடங்கில் மூட்டை தூக்குகிறவன். சகலை, அதாவது என் மனைவியின் தங்கை புருஷன், அதே கிடங்கின் எடை மேடையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து லாரிக்கு எடை பார்க்கிறவர். ஒரே வீட்டில் பெண் எடுத்தோம், ஒரே கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தோம். அவருக்கு நாற்காலி, எனக்கு மூட்டை. இதில் எனக்கு எந்த வருத்தமும் கிடையாது. முதுகுக்குத்தான் கொஞ்சம் உண்டு.

என் வேலை முடிகிற நேரத்தில் அவர் வேலை தொடங்கும். கால்வாய்க்கரைச் சாலையில் தினமும் எதிரும் புதிருமாகக் கடந்துபோவோம். அந்தச் சாலையில் ஒரு வழக்கம் உண்டு. எதிரே வண்டி வந்தால் இரண்டு பேரும் விளக்கைத் தாழ்த்துவார்கள். பேசிக்கொள்ளாமல் சொல்கிற வணக்கம் மாதிரி. யார் முதலில் தாழ்த்துகிறார் என்பதில் ஒரு மரியாதைக் கணக்கும் இருக்கும். எங்கள் இருவரில் எப்போதும் நான்தான் முதல்.

என் விளக்கைத் தாழ்த்துவதும் ஒன்று, தாழ்த்தாததும் ஒன்று என்பது வேறு விஷயம். பழைய மோட்டார் சைக்கிள். கண்ணாடிக் கூட்டுக்குள் சிமெண்ட் தூசி அடைந்து, உள்ளே மஞ்சளாக ஒரு சோகம் எரியும். அது எனக்குச் சாலையைக் காட்டாது. நான் வருகிறேன் என்று சாலைக்குக் காட்டும், அவ்வளவுதான்.

அப்போதுதான் சகலை புது எல்.இ.டி. போட்டார். போட்ட முதல் நாளே நான் எதிரில் மாட்டினேன். வழக்கம்போல் தாழ்த்தினேன். அவர் தாழ்த்தவில்லை. கண்ணுக்குள் வெள்ளையடித்தது போல் இருந்தது. அடுத்து நான் இருந்த இடம் கரையோரச் சேற்றுக்குழி. டிபன் கேரியர் ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம், நடுவில் நான்.

உண்மையைச் சொல்லவேண்டும். அவர் வண்டியை நிறுத்தி இறங்கி வந்தார். கை கொடுத்துத் தூக்கிவிட்டார். செருப்பைத் தேடி எடுத்துக் கொடுத்ததும் அவர்தான். அதோடு விட்டிருந்தால் அவரைப் போல நல்லவர் இல்லை என்று இன்றைக்கு எழுதியிருப்பேன்.

அந்த வாரம் மாமனார் வீட்டில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். சகலை எழுந்து நின்று நடித்தே காட்டினார்.

"நான் லைட்ட அடிச்சேன் பாருங்க, மனுஷன் அப்படியே கும்பிடு போட்ட மாதிரி குழிக்குள்ள போயிட்டாரு. எருமை ஒண்ணு ஏற்கெனவே படுத்திருந்துச்சு. யாரு நம்ம இடத்துக்கு வர்றதுன்னு அது கோவிச்சுக்கிட்டுப் போயிடுச்சு."

எருமை எதுவும் இல்லை அய்யா. அது அவர் கைச்சரக்கு. மாமனாருக்குப் புரையேறியது. என் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். எல்லோரையும்விட நான்தான் அதிகம் சிரித்தேன் என்று ஞாபகம். அன்றைக்கு வீட்டுக்கு வந்து படுத்தபோது மனைவி மறுபடியும் ஒருமுறை இருட்டில் தனியாகச் சிரித்தாள்.

"என்னடி?"

"ஒண்ணுமில்லைங்க. அந்த எருமைய நெனச்சேன்."

மறுநாள் மெக்கானிக்கிடம் போனேன். எங்கள் பக்கத்தில் அவரை வாயாடி என்பார்கள். அவர் என் விளக்கைப் பார்த்து, "இதுக்கு நீங்க ஒரு அகல் வெளக்கு கட்டித் தொங்கவிட்டிருக்கலாம்ணே" என்றார். விளக்குக் கூட்டை மாற்றினார். பழைய சுவிட்ச் வழியாகக் கரண்ட் போனால் பாதி வழியிலேயே செத்துவிடும் என்று, பேட்டரியிலிருந்து நேராகத் தடித்த ஒயர் இழுத்து, நடுவில் ரிலே என்று ஒரு சின்னப் பெட்டி வைத்தார். முன்கம்பியில் இரண்டு துணை விளக்குகள். பனிக்கும் தூசிக்கும் மஞ்சள்தான் நல்லது என்றார். எனக்கு வெள்ளைதான் வேண்டும் என்றேன்.

"வெள்ளை எதுக்குண்ணே? தூசில பட்டு உங்களுக்கே திரும்பி அடிக்கும்."

"பார்க்க நல்லா இருக்கும்."

அவர் தலையில் அடித்துக்கொண்டார். துணை விளக்குகளுக்குத் தனி சுவிட்ச், இடது கட்டைவிரலுக்கு வாகாக. எல்லாம் முடிந்ததும் என் வண்டி கல்யாண மண்டபம் போல் ஜொலித்தது. ஹாரன் மட்டும் பூனைக்குட்டி மாதிரி முனகியது. அந்த மாதம் முழுக்க பேட்டரி சோர்ந்துபோய், கிடங்கு வாசலில் நான்கு பேர் தள்ளித்தான் வண்டி கிளம்பும். இத்தனை வெளிச்சத்தோடு தள்ளிவிடப்பட்ட ஆள் எங்கள் கிடங்கில் நான் ஒருவன்தான்.

விளக்குப் பெட்டிக்குள் ஒரு தாள் இருந்தது. வயதான பிறகு எழுத்துக்கூட்டக் கற்றவன் நான். எதையும் பாதியில் விட்டுவிடுவதுதான் பழக்கம். அந்தத் தாளை மட்டும் கடைசி வரை படித்தேன். எதிரில் வருபவரின் கண்களில் ஒளி படாதவாறு பொருத்தவும் என்று போட்டிருந்தது. வாயாடியும் அதையேதான் சொன்னார்.

"சுவருக்கு எதிர்ல வண்டிய நிறுத்துங்க. நீங்க மேல உக்காந்துக்கிட்டுப் பாருங்க, ஆளில்லாம பார்த்தா தப்பா காட்டும். எதிர்ல வர்றவன் கண்ணு எவ்வளவு ஒசரமோ அங்க ஒரு கோடு போட்டுக்குங்க. வெளிச்சம் அந்தக் கோட்டுக்குக் கீழயே நிக்கணும். மேல ஏறிச்சுன்னா எதிர்ல வர்றவன் காலி."

நான் சொன்ன பேச்சைக் கேட்கிறவன். அந்த ஞாயிற்றுக்கிழமை சகலை எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். பின்கட்டுச் சுவரோரம் அவர் வண்டியை நிறுத்தி அவரையே மேலே உட்காரச் சொன்னேன். எதிர்ல வர்றது நீங்கதானே சகலை, உங்க கண்ணு அளவு இருந்தா நல்லது என்றேன். அவருக்குச் சந்தோஷம்.

"நிமிர்ந்து உக்காரணுமா, இல்ல கொஞ்சம் குனியணுமா சகலை?"

"தினமும் எப்படி உக்காருவீங்களோ அப்படியே உக்காருங்க."

கரித்துண்டை அவர் கண்ணுக்கு நேராகச் சுவரில் வைத்து ஒரு கோடு இழுத்தேன். கன்னத்தில் கொஞ்சம் கரி பட்டுவிட்டது. என் மனைவி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"நானும் என் லைட்ட எறக்கி வச்சுட்டேன் சகலை. இனி உங்களப் பார்த்தா நான்தான் மொதல்ல தாழ்த்துவேன். எருமைங்களுக்கும் எடம் வேணும்ல" என்றார். மனைவி சிரித்தாள். நானும்தான்.

அவர் போன பிறகு முற்றத்தின் மறுகோடியில் என் வண்டியை நிறுத்தி, மேலே உட்கார்ந்து, விளக்குகளைத் திருகினேன். தலை விளக்கைக் கோட்டுக்குக் கீழே வைத்தேன். அது சட்டப்படி. துணை விளக்கு இரண்டையும் சரியாகக் கோட்டில் படும்படி வைத்தேன். கோட்டுக்கு மேலே போகவில்லை அய்யா. கோட்டிலேயே. அந்தக் கோடு இன்னும் சுவரில் இருக்கிறது. நீங்கள் வந்து பார்க்கலாம்.

கால்வாய்ப் பாலத்தின் பக்கச்சுவரை முன்பொரு லாரி இடித்துவிட்டது உங்களுக்குத் தெரியும். ஊரிலிருந்து கிடங்குக்குப் போகிறவருக்கு இடது பக்கம் அது. அந்த இடத்தில் மணல் நிரப்பிய டிரம் ஒன்றை வைத்து, சிவப்புத் துணி கட்டியிருந்தார்கள். அந்தச் சிவப்பைப் பார்த்து வண்டியை ஒடிப்பதுதான் எல்லோருக்கும் பழக்கம். டிரம்மை யாரோ நகர்த்தியிருந்ததாக நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். குடிகாரர்கள் வேலையாக இருக்கலாம் என்று ஏட்டையா சொன்னார். நாள் முழுக்க மூட்டை தூக்குகிறவனுக்கு ஒரு டிரம்மைச் சாய்த்து உருட்டுவது பெரிய காரியமில்லை. எனக்கு முதுகு வலி இருந்ததால்தான் கொஞ்சம் நேரமாயிற்று. குடிகாரர்களை விட்டுவிடச் சொல்லுங்கள்.

பிறகு பாலத்துக்குக் கிடங்குப் பக்கம் காத்திருந்தேன். பேட்டரியை நம்ப முடியாது என்பதால் இன்ஜினை ஓடவிட்டிருந்தேன். இவ்வளவு தூரம் வந்த பிறகு தள்ளிவிட ஆள் தேட வேண்டியிருந்தால் அது எருமைக் கதையைவிடக் கேவலம்.

அவர் வந்தார். நானும் நகர்ந்தேன். தூரத்திலேயே அடையாளம் தெரிந்துகொண்டு அவர் விளக்கைத் தாழ்த்தினார். சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டார் அய்யா, முதலில் தாழ்த்தினார். கல்யாணம் ஆன இத்தனை காலத்தில் அந்த ஒருமுறைதான். அவர் பாலத்தில் ஏறும்வரை பொறுத்திருந்து கட்டைவிரலை அழுத்தினேன்.

வெளிச்சம் நன்றாக இருந்தது. அவர் முகம் பகல் போலத் தெரிந்தது. ஒரு கையை ஹாண்டில்பாரிலிருந்து எடுத்துக் கண்ணுக்குக் குறுக்கே வைத்தார். "சகலை" என்று கூப்பிட்ட மாதிரி இருந்தது. ஹாரனாகவும் இருக்கலாம். என்னுடையதைவிட அவர் ஹாரன் நல்ல ஹாரன்.

நான் நிறுத்தவில்லை. அவர் எனக்காக நிறுத்தினார் என்று மேலே எழுதியிருக்கிறேன். அதைத் திரும்பப் படிக்கும்போது அந்த இடம் எனக்கே கொஞ்சம் உறுத்தலாக இருக்கிறது. ஆனால் அவர் விழுந்தது கால்வாய், நான் விழுந்தது சேறு. ஒப்பிட முடியாது.

வீட்டுக்கு வந்து கைகால் கழுவிச் சாப்பிட்டேன். செய்தி வந்ததும் கொழுந்தியாளை என் வண்டியில்தான் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். எல்லா விளக்கும் போட்டுக்கொண்டுதான் ஓட்டினேன். வழியெல்லாம் என் முதுகில் முகத்தை வைத்து அழுதுகொண்டே வந்தாள்.

"மாமா, உங்க லைட்டு பகல் மாதிரி இருக்கு மாமா. அவரு தன் லைட்ட வேற எறக்கி வச்சுட்டாரு. இதே மாதிரி அவருக்கும் ஒண்ணு போட்டுக் குடுத்திருக்கலாமே மாமா."

"போட்டிருக்கலாம்மா" என்றேன். வேறு என்ன சொல்வது?

ஆகவே நீங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். இத்தனை விளக்கு எதற்கு என்றால், பாதுகாப்புக்குத்தான் அய்யா. அந்தச் சாலை மோசமான சாலை. வெளிச்சம் இல்லாமல் யாரும் அதில் ஓட்ட முடியாது.

ஒன்று மட்டும் சொல்ல விட்டுப்போனது. அன்றைக்குப் பாலத்தைத் தாண்டியதும், யார் கண்ணிலும் படவேண்டாம் என்று எல்லா விளக்கையும் அணைத்துவிட்டேன். வீடு வரைக்கும் இருட்டிலேயேதான் ஓட்டிவந்தேன். ஒரு குழியில்கூடச் சக்கரம் இறங்கவில்லை.