அங்கிட்டு எப்படி இருக்கு?

மேடையில் அமர்ந்திருக்கும் வட்டார மேலாளர் சேரன் அவர்களே, பங்குத்தந்தை அவர்களே, ஊராட்சித் தலைவர்களே, என்னோடு கட்டுப்பாட்டு அறையில் வேலை செய்யும் தோழர்களே, அரிமளம் பக்கமிருந்தும் நார்த்தாமலை பக்கமிருந்தும் காலையில் தண்ணீர் திறந்துவிட்ட கையோடு பஸ் ஏறி வந்திருக்கும் டேங்க் ஆபரேட்டர்களே, முன்வரிசையில் இருக்கும் பெலிக்ஸ் சாருடைய மனைவி ஷர்லி அக்கா, மகள் பிளெஸ்ஸி, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

என் பெயர் அன்புமொழி. நம் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் கட்டுப்பாட்டு அறையில் ஷிப்ட் ஆபரேட்டராக இருக்கிறேன். எங்கள் பொறுப்பாளர் பெலிக்ஸ் சாருடைய நாற்காலிக்குப் பக்கத்து நாற்காலி என்னுடையது. மேடையில் பேசிப் பழக்கமில்லாதவள் நான். பக்கத்து நாற்காலியில் இருந்தவள் என்ற ஒரே உரிமையில்தான் அவருடைய நினைவுக் கூட்டத்தில் நிற்கிறேன்.

எங்கள் அறையைப் பலர் பார்த்திருக்க மாட்டீர்கள். சுவர் முழுக்கத் திரைகள். எந்த மோட்டார் ஓடுகிறது, எந்தக் குழாயில் எவ்வளவு அழுத்தம், எந்த ஊர்த் தொட்டியில் எவ்வளவு தண்ணீர், எல்லாம் அதில் எண்களாக வந்துகொண்டே இருக்கும். பச்சை என்றால் சரி. சிவப்பு என்றால் கோளாறு. பார்த்துக்கொண்டே இருப்பதுதான் எங்கள் வேலை. நாள் முழுக்கப் பார்த்துவிட்டு எழுந்தால், "இன்னைக்கி என்ன செஞ்சீங்க?" என்று வீட்டில் கேட்பவர்களுக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது. ஒன்றும் நடக்கவில்லை என்றால் நாங்கள் வேலை செய்திருக்கிறோம் என்று பொருள்.

அப்படி ஒன்றும் நடக்காமல் பார்த்துக்கொண்டவர் பெலிக்ஸ் சார். அந்த மனிதரைப் பற்றி நான் எதைச் சொல்வது!

பல வருடங்களுக்கு முன்பு ஒரு சித்திரை மாதக் காலையைச் சொல்கிறேன். அன்றைக்குத் திரை முழுவதும் பச்சை. ஷிப்ட் மாறும் நேரம், நாங்கள் டீ குடித்துக்கொண்டிருந்தோம். சார் மட்டும் டீயை வைத்துவிட்டு ஒரே ஓர் எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார். மேலப்புஞ்சைத் தொட்டி. முக்கால்வாசி நிறைந்திருப்பதாகத் திரை சொன்னது.

"என்ன சார் அதையே பாக்குறீங்க?" என்றார் எங்கள் நிலவழகன்.

"இது கொறையவே மாட்டேங்குதுய்யா."

"கொறையலைன்னா நல்லதுதானே சார்?"

"காலையில ஊரே கொடத்தத் தூக்கிட்டு வர்ற நேரம். கொறையாம எப்படிய்யா இருக்கும்? அசையாம ஒரு நம்பர் நிக்குதுன்னா அது நம்பரு இல்ல, போட்டோ."

அந்த ஊர் டேங்க் ஆபரேட்டரின் நம்பரை யார் யாரிடமோ கேட்டு வாங்கிப் போன் போட்டார். எடுத்தவர் மூக்காயி அக்கா. அதோ, மூன்றாவது வரிசையில் இருக்கிறார். ஸ்பீக்கரில் நாங்கள் எல்லோரும் கேட்டோம்.

"அக்கா, கன்ட்ரோல் ரூம்லேருந்து பெலிக்ஸ் பேசுறேன். அங்கிட்டு எப்படி இருக்கு? தொட்டியில முக்காவாசி கெடக்குல்ல?"

"எந்தத் தொட்டியில?"

"ஒங்க தொட்டியிலதான்க்கா."

"இங்க முந்தாநாள்லேருந்து சொட்டுத் தண்ணி இல்ல. பொம்பளைக எல்லாம் என்னயத்தான் வையிதுக. ஒங்க டிவில முக்காத்தொட்டி தெரியுதாக்கும்? அப்ப கொடத்தத் தூக்கிக்கிட்டு அங்கிட்டு வாரோம், அந்த டிவிக்குக் கீழ வச்சுக்கிறோம்!"

நிலவழகன் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். சார் சிரிக்கவில்லை.

"ஏன்க்கா எங்களுக்கு ஒரு வார்த்த சொல்லல?"

"யாருகிட்ட சொல்ல? ஒங்க நம்பர எனக்கு யாரு குடுத்தா?"

நாங்கள் யாரும் கொடுத்திருக்கவில்லை. பிறகு பார்த்தால், தொட்டியின் அளவை எங்களுக்கு அனுப்பும் கருவி பழுதாகிவிட்டிருந்தது. கடைசியாக வந்த எண்ணையே திரை காட்டிக்கொண்டிருந்தது. தொட்டியில் வேண்டிய அளவு தண்ணீர் இருக்கிறது என்று அதை நம்பி, தண்ணீர் விடும் வால்வும் தானாக மூடிக் கிடந்தது. அத்தனையும் பச்சை! ஓர் ஊரே தாகத்தில் இருக்க, எங்கள் திரையில் எல்லாம் பச்சை!

சார் அன்றைக்குச் சொன்னதை நான் மறக்கவில்லை. "மன்னிச்சுக்கங்கக்கா. இப்பத் தொறந்துவிடச் சொல்றேன். தண்ணி வந்ததும் நீங்களே கூப்புட்டுச் சொல்லணும். நீங்க சொல்றவரைக்கும் வந்துருச்சுன்னு நான் நம்ப மாட்டேன்." அக்கா கூப்பிடும்வரை அவர் ஆறிப்போன அந்த டீயைத் தொடவில்லை.

மறுநாள் தொடங்கியதுதான் போன் ரவுண்டு. தினமும் காலை ஷிப்டில் ஒருவர் திரையைப் பார்க்க, இன்னொருவர் ஊர் ஊராகப் போன் போட வேண்டும். எல்லா ஊருக்கும் ஒரே நாளில் முடியாது. இன்றைக்குச் சில ஊர்கள், நாளைக்கு வேறு சில ஊர்கள். "திரையில இவ்வளவு காட்டுது, சரியா?" என்று கேட்கக் கூடாது. கேட்டால் "சரி சார்" என்றுதான் பதில் வரும். எங்கள் எண்ணைச் சொல்லாமல், "அங்கிட்டு எப்படி இருக்கு?" என்று மட்டும் கேட்க வேண்டும். அவர்கள் பார்த்ததைச் சொன்ன பிறகுதான் நாம் திரையைப் பார்க்க வேண்டும். எந்தக் கையேட்டிலும் இல்லாத இந்த முறையைச் சாரே உண்டாக்கினார்.

திரை எப்போதும் பொய், மனிதர் சொல்வது எப்போதும் மெய் என்று அவர் நம்பியவர் அல்ல. இதே மூக்காயி அக்கா ஒருநாள், "தொட்டி தளும்பத் தளும்பக் கெடக்கு சார்" என்றார். திரை கால்வாசி என்றது. ஃபிட்டர் திருப்பதி அண்ணன் போய் ஏறிப் பார்த்தார். கால்வாசிதான்!

அக்கா, நான் இதைச் சொல்லலாம் இல்லையா? சிரிக்கிறார். சொல்கிறேன்.

"மொழங்கால் வலி சார். ஏறல. நேத்து நெறஞ்சுச்சு, இன்னைக்கும் நெறஞ்சிருக்கும்னு ஒரு இதுலதான் சொன்னேன்" என்றார்.

"நீங்களும் எங்க டிவி மாதிரி ஆயிட்டீங்களேக்கா" என்றார் சார். அவ்வளவுதான் அவருடைய கண்டிப்பு! ஆனால் அந்த வாரமே திருப்பதி அண்ணனை அனுப்பி, தொட்டிக்குள் ஒரு மிதவை, மேலே ஒரு கப்பி, வெளியே ஒரு கயிற்றில் சிவப்புத் தகடு, சுவரில் பெயின்டில் கோடுகள் என்று கட்டிவைத்தார். இப்போது அக்கா கீழே நின்றபடியே தகடு எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்த்துச் சொல்லிவிடலாம். திரையின் பழுதைச் சரிசெய்த அதே அக்கறையோடு ஒரு முழங்காலின் வலிக்கும் வழி செய்த மனிதர் அவர். இப்படி ஒருவரை நாம் எங்கே போய்த் தேடுவோம்?

அலாரம் அடித்தால், அதன் வாயை அடைக்கும் பொத்தானை அழுத்துவதுதான் எங்கள் எல்லோருக்கும் முதலில் வரும். ஒருநாள் நிலவழகன் அப்படி அழுத்தினார். சார் திரும்பிப் பார்த்தார்.

"எதுக்குய்யா கத்துச்சு?"

"தெரியல சார். தொணதொணன்னு ஒரே இம்சை."

"ஒம் பொண்ணு ஹரிணி அப்பான்னு கூப்புட்டா, என்னன்னு கேக்காமலே வாயப் பொத்துவியா?"

"அவ இதவிட ஜாஸ்தி கத்துவா சார்."

அறையே சிரித்தது. சாரும் சிரித்தார். ஆனால் அதற்குப் பிறகு நிலவழகன் என்னவென்று பார்க்காமல் அந்தப் பொத்தானைத் தொட்டதில்லை. சார் சிரிக்கவைத்தே வேலையைச் சொல்லிவிடுவார். நான் அவரோடு சண்டை போட்டதும் உண்டு. வேலை நேரத்தில் பாட்டுப் பாடாதீர்கள், எண்கள் குழம்புகின்றன என்பேன். அவ்வளவு பெரிய குரல் அவருக்கு. இந்த நாட்களில் அந்த அறை எவ்வளவு அமைதியாக இருக்கிறது தெரியுமா? இந்த அமைதி எனக்கு வேண்டாமே!

சேரன் சார், இப்போது உங்களிடம் ஒன்று பேச வேண்டும். துக்கத்துக்குக் கூடிய இடத்தில் அலுவலக விஷயமா என்று யாரும் நினைக்க வேண்டாம். பெலிக்ஸ் சார் விட்டுச்சென்றது இது ஒன்றுதான்.

புது மென்பொருள் வருகிறது. அதோடு ஷிப்டுக்கு இருவர் என்பதை ஒருவராகக் குறைக்கலாமா என்று மேலிடத்தில் கேட்டிருக்கிறார்கள். இந்த வாரம் நீங்கள் உங்கள் கருத்தை அனுப்ப வேண்டும். அறையில் ஒருவர்தான் என்றால், அவர் திரையை விட்டுக் கண்ணெடுக்க முடியாது. போன் ரவுண்டு இருக்காது. இருவர் வேண்டும் என்று பெலிக்ஸ் சார் உங்களோடு வாதாடியபோது நான் பக்கத்தில் இருந்தேன்.

"புதுசு வரட்டும் சார், வேணாங்கல. ஆனா அது தப்பாச் சொல்லுதான்னு அதுகிட்டயேவா கேக்குறது?" என்றார்.

"எனக்குப் புரியுது பெலிக்ஸ். மேல புரியணுமே" என்றீர்கள்.

"நீங்க எடுத்துச் சொன்னாப் புரியும் சார்" என்றார்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலுக்குப் போய்விட்டு வந்து, சட்டையைக் கழற்றுவதற்குள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழவில்லை.

அவர் போன நாளிலிருந்து அவர் நாற்காலி காலி. காலை ஷிப்டை ஒருவராகத்தான் சமாளிக்கிறோம். ரவுண்டு நின்றுவிட்டது. நேற்று மூக்காயி அக்கா என்னைக் கூப்பிட்டார். "ஏம்மா, சாரு போனதுலேருந்து ஒருத்தரும் கூப்புடலையே. நான் தெனமும் தகடப் பாத்துட்டு, போனக் கையில வச்சுக்கிட்டே ஒக்காந்திருக்கேன். யாருகிட்ட சொல்ல?" என்றார்.

யாரிடம் சொல்ல? பல வருடங்களுக்கு முன்பு அக்கா கேட்ட அதே கேள்வி! அந்தக் கேள்விக்கு விடையாக ஒரு மனிதர் வாழ்ந்தார். அவர் போனதும் அந்தக் கேள்வி மறுபடி அப்படியே நிற்கலாமா?

இன்னும் ஒன்று. ரவுண்டு முடிந்ததும் சார் கடைசியாக ஒரு போன் போடுவார். அது தொட்டிக்கு அல்ல, வீட்டுக்கு. அதே கேள்விதான், "அங்கிட்டு எப்படி இருக்கு?" ஷர்லி அக்கா, "மீனு வாங்கிருக்கேன், நேரத்தோட வாங்க" என்றால் திருப்தியாக வைத்துவிடுவார். வெறுமனே "நல்லாருக்கோம்" என்றால் விடமாட்டார். "கொரலு சரியில்லையே, என்ன?" என்பார்.

போன வாரம் ஷர்லி அக்காவைப் பார்க்கப் போயிருந்தேன். நெஞ்சு பல நாட்களாகவே வலித்திருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னாராம். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "ஊருக்கெல்லாம் கேட்டாரும்மா. அவரக் கேட்டா மட்டும் 'நல்லாருக்கேன்'னுதான் சொல்வாரு. தெனமும் அதே வார்த்த. அதே கொரலு."

அசையாத எண்.

அதற்குமேல் என்னால் அங்கே உட்கார முடியவில்லை. எத்தனை தொட்டிகளின் அசைவைப் பார்த்தவர்! தன்னுடையதை மட்டும் யாருக்கும் காட்டாமல் பச்சையாகவே வைத்திருந்தார். இதில் யாரையும் குறை சொல்ல நான் வரவில்லை. அவர் எண்களிடம் கேட்டதை நாம் ஒருவரிடம் ஒருவர் கேட்டுக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

சேரன் சார், நீங்கள் எழுதப்போகும் கருத்தில் ஷிப்டுக்கு இருவர் வேண்டும் என்று எழுதுங்கள். எடுத்துச் சொன்னால் புரியும் என்று அவர் உங்களை நம்பினார். நாங்களும் நம்புகிறோம். பதில் வரும்வரை நாங்கள் சும்மா இருக்கப்போவதில்லை. நானும் நிலவழகனும் பேசிவிட்டோம். ஒருவர் ஷிப்டு முடிந்ததும் கிளம்பாமல் இருந்து, அடுத்தவர் திரையைப் பார்க்கும்போது ஊர்களுக்குப் போன் போடுவார். இது இந்தச் சபைக்கு முன் பெலிக்ஸ் சாருக்கு நாங்கள் தரும் வாக்கு.

மூக்காயி அக்கா, நாளைக் காலையில் தகட்டைப் பார்த்துவிட்டுப் போனைக் கையில் வைத்திருங்கள். நான் கூப்பிடுவேன்.

ஷர்லி அக்கா, ரவுண்டு முடிந்ததும் கடைசிப் போன் உங்களுக்குத்தான் வரும். அங்கிட்டு எப்படி இருக்கு என்று கேட்பேன். அழுகிறேன் என்று சொல்லுங்கள், கோபமாக இருக்கிறேன் என்று சொல்லுங்கள், மீன் வாங்கினேன், சாப்பிடப் பிடிக்கவில்லை என்று சொல்லுங்கள். "நல்லாருக்கேன்" என்று மட்டும் சொல்லாதீர்கள். நான் நம்ப மாட்டேன்.