பாவாடை கட்டிய போட்டோ

அபுதாபிக்கு வெளியே முசஃபாவில் பார்த்த பட்டறை வேலையை விட்டுவிட்டு, பையோடு கிளம்பி வந்து அபுதாபியில் பஸ் மாறியிருந்தேன். முன் சீட்டில் மியூசியம் பார்த்துவிட்டு வரும் ஒரு தமிழ்த் தம்பதி.

“அந்தப் படத்துல ராஜகுமாரனே கவுன் போட்டுட்டுதாங்க நிக்கறான்,” என்றாள் மனைவி.

“அது ஐரோப்பா. அந்தக் காலத்துல சின்னப் பசங்களுக்கு அதுதான் டிரெஸ்னு பக்கத்துலயே எழுதியிருந்துச்சே,” என்றார் கணவர்.

“நம்ம ஊர்ல மட்டும் என்ன? மொட்டை போடறதுக்கு முன்னாடி உங்களுக்குச் சடை பின்னி, பாவாடை கட்டி, உங்க அம்மா ஆசையா எடுத்த போட்டோ. அது ஹால்லயே இருக்கட்டும்.”

“இன்னிக்கு மேனேஜர் சாப்பிட வர்றார்டி! அதைப் பாத்துட்டார்னா நாளைக்கு சைட்ல என்னை எவன் மதிப்பான்?”

“அந்தப் பையன் பெரியவனாகி ராஜாவாகலையா?”

“அவன் தலையில பூ வச்சிருந்தானா?”

“தொப்பியில இறகு வச்சிருந்தான்.”



“சரி, இருக்கட்டும். யாருன்னு கேட்டா உன் தங்கச்சின்னு சொல்லிடு.”

“அந்த மூக்கோடயா? அவளுக்குக் கல்யாணம் ஆக வேண்டாமா?”

மறுநாள் காலை மீன் மார்க்கெட்டில் ஐஸ் பெட்டி தூக்கும் வேலை கிடைத்தது. பஸ்ஸில் கேட்டதை நினைத்து, தலையில் பெட்டியை வைத்துக்கொண்டு சிரிக்கக் கூடாது என்பதை முதல் நடையிலேயே கற்றுக்கொண்டேன்.