தாடையால் மலை காட்டிய சடைச்சி

ரொம்பக் காலத்துக்கு முந்தி, குமிழங்காடு என்று ஒரு மலையூர் இருந்ததாம். இப்போதும் இருக்கிறது. ஆனாலும் கதையில் ஊர் 'இருந்ததாம்' என்றுதான் தொடங்க வேண்டும்.

ஊரைச் சுற்றி ஐந்து மலை. பிள்ளைக்கு முதல் பால்பல் விழுந்ததும் தாய்மாமன் அதை மேலே கூட்டிப் போவானாம். ஒவ்வொரு மலையாக விரல் நீட்டிக் காட்டி, பிள்ளையின் பேரையும் பெற்றவள் பேரையும் சொல்வானாம். "வழி தப்பி வந்தா வீட்டுக்கு அனுப்பு" என்பானாம். பேர் தெரியாத பிள்ளையை மலை திருப்பித் தராது. இதை வெறும் நம்பிக்கை என்கிறவர்கள், தங்கள் பிள்ளையை மூடுபனியில் ஒருநாள் விட்டுப் பார்க்கட்டும்.

அப்போது ஒரு துரை வந்தாராம். ஊருக்கு மேலே வெள்ளையடித்த கல் ஒன்றை நட்டு, இதைத் தாண்டினால் சிறை என்றாராம். மாமன்மார் கல்லோடு நின்றுவிட்டார்கள். அந்த வருஷம், மலை காட்டாத பையன் ஒருவன் ஆட்டைத் தேடி மேலே போனான். பனி இறங்கியது. பையன் இறங்கவில்லை.

மறு வருஷம் ஆறு பிள்ளைகளுக்குப் பல் விழுந்ததாம். எட்டு என்பாரும் உண்டு. அப்படிச் சொல்கிறவர்கள், பிள்ளைகளோடு போன ஆட்டுக்குட்டி இரண்டையும் சேர்த்து எண்ணுகிறவர்கள். ஆறில் ஒருத்தி கோடாயி. அவளுடைய அத்தைதான் சடைச்சி. பிள்ளை இல்லாதவள், யாருக்காகவும் குரலைத் தாழ்த்தாதவள்.

கோடாயியின் மாமன் பெரியாண்டியிடம் போய் நின்றாளாம்.

"என்ன மச்சான், எப்ப கூட்டிட்டுப் போற?"

"இருட்டட்டும் சடைச்சி. யாருக்கும் தெரியாம போயிட்டு வந்துடறேன்."

"இருட்டுல மூஞ்சி தெரியுமா? மலைக்குக் காட்டப் போறது பிள்ளையையா, திருட்டுப் பூனையையா?"

"அப்ப நீயே போ. நீ உள்ள போனா அழ ஆளா இருக்கு?"

சொல் குத்தியது. குத்திய இடத்தை அவள் யாருக்கும் காட்டவில்லையாம். "அதான் நான் போறேன்" என்றாளாம்.

நல்ல வெயிலில், ஊரே பார்க்க, ஆறு பிள்ளைகளோடு ஏறினாள். கல்லடியில், துரை காவலுக்கு வைத்த சிங்காரம் என்ற கார்டு உட்கார்ந்திருந்தான். கீழ்நாட்டுக்காரன். சட்டம் தெரியும், மலை தெரியாது. சடைச்சி அவனைப் பார்த்துக்கொண்டே கல்லைத் தாண்டினாளாம்.

"தாண்டிட்டேன். பிடிச்சிட்டுப் போ."

அவன் நார்க்கயிற்றால் அவள் இரண்டு கையையும் கட்டினான்.

"பிள்ளைங்களை வீட்டுக்கு அனுப்பு."

"அதுங்களும் தாண்டிருச்சு, பாரு."

ஆறும் தாண்டி நின்றன. சட்டம் சட்டம்தானே. ஏழு பேரையும் அவன் நடத்திக்கொண்டு போனான். காவல் கச்சேரி இருந்தது மலைக்கு அந்தப் பக்கம். அதற்கு ஒரே வழி, ஐந்து மலையையும் தொட்டுப் போகிற வழி. அது சடைச்சிக்குத் தெரியும்.

கை கட்டியிருக்கிறது, விரல் நீட்ட முடியாது. தாடையைத் தூக்கிக் காட்டினாளாம்.

"இது தொம்பைமலை. காலையில இதோட நிழல் நம்ம ஊர் மேல விழும். நிழலைப் பிடிச்சு இறங்கு. அடுத்தது செவிட்டுமலை. கத்தினா எதிரொலி வராது. வரலைன்னா இங்க நிக்கறேன்னு தெரிஞ்சுக்க."

ஒவ்வொரு பிள்ளையின் பேரையும் பெற்றவள் பேரையும் சொன்னாள். மூன்றாவது ஊற்றுமலையில்தான் சிங்காரத்துக்கு உறைத்ததாம்.

"என்ன பண்ற நீ?"

"மலைக்குப் பிள்ளைங்களைக் காட்டறேன்."

"அதுக்குத்தானே தடை."

"தாண்டறதுக்குத்தான் தடை. அதுக்குத்தான் கட்டிட்டியே. ஒரு குத்தத்துக்கு எத்தனை கயிறு?"

அவன் யோசித்தான். திரும்பிப் போகவும் அதே தூரம்தான். நடந்தான்.

நாலாவது மலையில் பனி இறங்கியது. தன் கை தனக்குத் தெரியவில்லை. கயிற்று நுனி சிங்காரத்திடம்தான் இருந்தது. ஆனால் அதன்பின் யார் யாரை இழுத்துப் போனார்கள் என்பதில், இந்தக் கதையைச் சொல்கிறவர்களுக்குள் கருத்து வேறுபாடே கிடையாது.

"நில்லு கார்டு. உன்னை மலைக்குத் தெரியாது. பெத்தவ பேரு என்ன?"



"அஞ்சலை."

சடைச்சி தாடையைத் தூக்கினாளாம். "இவன் அஞ்சலை மகன் சிங்காரம். கல்லு நட்டவன் இவன் இல்ல. வழி தப்பி வந்தா வீட்டுக்கு அனுப்பு."

ஐந்தாம் மலையும் முடித்துக் கச்சேரி சேர்ந்தார்கள். அவளுக்கு மூன்று மாதம் சிறை. பிள்ளைகளை மறுநாள் காலையில் சோறு போட்டு அனுப்பிவிட்டார்கள். துணைக்கு ஆளில்லை, பனி வேறு. செவிட்டுமலையில் கோடாயி ஒரு குரல் கொடுத்தாளாம். எதிரொலி வரவில்லை. "இங்கதான் நிக்கறோம், வாங்க" என்று முன்னால் நடந்தாளாம். ஆறும் வீடு வந்து சேர்ந்தன.

மறு வருஷமும் சடைச்சி, பல் விழுந்த பிள்ளைகளோடு கல்லைத் தாண்டிக் கையை நீட்டினாள். அதற்கடுத்த வருஷமும். ஆறாம் வருஷம் போனபோது, கட்டுவதற்கு அங்கே கார்டு இல்லையாம். கோடாயியிடம் கயிற்றைக் கொடுத்து, "நீ கட்டு" என்றாளாம்.

அதனால்தான் குமிழங்காட்டில் இன்றைக்கும் மலையை யாரும் விரலால் காட்டுவதில்லை, தாடையால் காட்டுகிறார்கள். பிள்ளைகளைக் கூட்டிப் போவது அத்தைமார். கல்லடியில் கையை நாரால் கட்டிக்கொள்வார்கள். ஐந்தாம் மலை தாண்டித்தான் அவிழ்ப்பார்கள்.

மாமன்மாரும் போகிறார்கள். பின்னால், சோற்று மூட்டையைத் தூக்கிக்கொண்டு.