காற்றில் கேட்ட வெள்ளி மணி

கிட்ட வந்து உட்காருங்கள். நடுவில் யாரும் எழுந்து போகக்கூடாது.

விடியற்காலை ஐந்தேகால். பட்டாம்பாங்கு நகருக்கு மேற்கே ஒரு செம்மண் பாதை... ஆள் நடமாட்டமே கிடையாது. கண்ணிவெடி எடுக்கும் குழுவின் வண்டி அங்கே நின்றது. முதலில் இறங்கியவர் நாரித், என் தோழி சொப்பீப்பின் தாய்மாமா. அந்தக் குழுவுக்குப் பதினோரு வருடமாகச் சமைப்பவள் நான். பொய் சொல்ல எனக்கு என்ன வேண்டுதலா?

அந்தப் பாதையோரப் புதருக்குள்தான் அதற்கு முந்தின வருடம் அவருடைய ஒரே மகள் ரக்ஸ்மெய் கன்றுக்குட்டியைத் துரத்திக்கொண்டு ஓடினாள். ஐந்து வயது. ஒரு சத்தம்... அவ்வளவுதான். வெடிக்குப் பயந்து யாரும் உள்ளே போகவில்லை. மழையும் நரியும் எதையும் மிச்சம் வைக்கவில்லை. அதற்காகவே நாரித் இந்த வேலையில் சேர்ந்தார். மனைவி செண்டா தினமும் ஒன்றைத்தான் கேட்பாள்.

"அவ இடுப்புல கட்டின வெள்ளி மணியாவது தேடிக் கொண்டாங்க. அதை வச்சுக் காரியம் பண்ணி அனுப்பிடலாம். பிள்ளை இருட்டுல நிக்குறா."

அன்று காலை நாரித் பெல்ட், கடிகாரம், எல்லாவற்றையும் கழற்றி வைத்தார். உலோகம் தேடும் கருவியின் தண்டை நீட்டி, அதன் வட்டத்தட்டை மண்ணில் படாமல் தூக்கிப் பிடித்தார். அப்போது அது ஊமையாக இருக்க வேண்டும். பிறகுதான் மண்ணுக்கு இறக்கி, அந்தச் செம்மண்ணுக்கு ஏற்றபடி பழக்குவார்கள். புதைத்து வைத்த சோதனை இரும்பின் மேல் காட்டிச் சரிபார்ப்பார்கள்.

அன்று காற்றிலேயே கத்தியது. டிங்... டிங்...

"பொண்டாட்டி சட்டையில ஊக்கு குத்தி விட்டாளா, தம்பி?" என்று சிரித்தாள் குழுத்தலைவி தாவி. கருவியை வாங்கித் தானே தூக்கிப் பிடித்தாள். சத்தமில்லை. நாரித் கைக்குப் போனதும்... டிங். அவர் முழங்காலுக்குச் சற்று மேலே, ஒரே இடத்தில். அங்கே வாழைப்பழம் பொரிக்கும் வாசனை, ரக்ஸ்மெய்க்கு உயிரான பலகாரம். அடுப்பு மூட்ட அந்தக் காட்டில் யார் இருக்கிறார்கள்?

தாவியின் சிரிப்பு நின்றுவிட்டது.

மூன்றாம் நாள் மண்ணுக்குள் கேட்டது. நாரித் பக்கவாட்டில் மெல்லச் சுரண்டினார். கறுத்துப்போன வெள்ளி மணி. கிடைப்பது துருப்பிடித்த ஆணியானாலும் தலைவியிடம் காட்டவேண்டும், அதுதான் சட்டம். அவர் காட்டவில்லை. செண்டாவிடமும் சொல்லவில்லை. வீட்டுத் தூணடியில் புதைத்துவிட்டார்.

தாவி எப்படியோ கண்டுபிடித்துச் சண்டை போட்டாள். "அந்தத் தாய் தூங்கி எத்தனை நாளாச்சு? குடுத்துடு தம்பி!"

"காரியம் பண்ணினா போயிடுவா அக்கா. காலையில ஒரு நிமிஷம்... என் பக்கத்துல வந்து நிக்குறா."

தாவி அழுதுவிட்டாள். கேட்ட நானும் அழுதேன்.

ஏழு வருடமாயிற்று. எத்தனையோ காடு மாறிவிட்டார்கள். நாரித் இன்றும் கருவியைத் தூக்கிப் பிடிக்கிறார், அது இன்றும் கத்துகிறது. செண்டா இன்னும் தூங்கவில்லை.

போன மாதம் நான் சோறு கொண்டுபோனபோது பார்த்தேன். நாரித் கருவியின் வட்டத்தட்டை முழங்காலருகே பிடித்தார். சத்தமில்லை. மெல்ல மெல்ல உயர்த்தினார்... தொடை... இன்னும் மேலே... தன் இடுப்புவரை.

டிங்.

"வளர்ந்துட்டா" என்றார்.